படிக்க வந்த பிள்ளைக்கு எந்தப் பேட்டை?

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் மும்பையில் நெடுநாள் இருந்துவிட்ட தமிழர் வீடுகளில் போன் மணி ஓயாது. வந்தவாசியிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ ஒரு குரல் வரும். "அண்ணா, பொண்ணுக்கு அங்கே எம்.ஏ. சீட் கிடைச்சிருக்கு. ஹாஸ்டல் இப்போதைக்கு இல்லேங்கறாங்க. எந்த ஏரியா பயமில்லாம இருக்கும், சொல்லுங்க." பள்ளிப் பிள்ளைக்கு இந்தக் கவலை இல்லை, அது பெற்றோருடன் இருக்கிறது. வேலைக்கு வருகிறவனுக்குச் சம்பளம் இருக்கிறது. மேற்படிப்புக்கு வருகிற பிள்ளைதான் இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்கிறது. வயது இருபத்தொன்று, இருபத்திரண்டு. கையில் காசு குறைவு. லேபும் லைப்ரரியும் முடிந்து அறைக்குத் திரும்ப இரவு பத்தாகும்.

இந்தக் கேள்விக்கு எண்பது வருஷமாக நம்மவர் சொல்லி வரும் பதில் ஒன்றுதான்: "மாட்டுங்காவிலே பாருங்க, நம்ம ஆளுங்க இருக்காங்க." இந்தப் பதிலில் பாதி சரி. மற்றப் பாதியைத்தான் இக்கட்டுரையில் ஆராய நினைக்கிறேன். மாட்டுங்கா நல்ல இடமானது நம்ம ஆளுங்க இருந்ததால் அல்ல. அது நல்ல இடமாக இருந்ததால்தான் நம்ம ஆளுங்க வந்தார்கள். அதற்கு முன்னே பல பேர் பல முடிவுகளை எடுத்திருந்தார்கள். அந்த முடிவுகள் என்னென்ன என்று தெரிந்துகொண்டால், மாட்டுங்காவில் இடம் கிடைக்காத பிள்ளைக்கும் வேறு இடத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியும்.

பம்பாய்ப் பல்கலைக்கழகம் 1857-ல் ஏற்பட்டது. அக்காலத்தில் வெளியூரிலிருந்து படிக்க வந்தவர்கள் பெரும்பாலும் கிர்காவ் பக்கத்துச் சால்களில் தங்கினார்கள். சால் என்றால் நீண்ட நடையும் அதன் ஓரமாக வரிசையாய் அறைகளும் உள்ள கட்டிடம். ஓர் அறையில் ஐந்தாறு பேர், சாப்பாடு கானாவளில். கானாவள் என்பது நம் மெஸ்ஸுக்கு மராட்டியர் வைத்த பெயர். நடை பொது என்பதால் யார் வருகிறார், யார் போகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். அது ஒரு காவல். ஆனால் குழாயும் கழிப்பிடமும் பொது என்பதால் நோயும் பொது.

செல்வர்கள் சிலர் மாணவர்களுக்கென்று போர்டிங் கட்டினார்கள். கோவாலியா டாங்கில் இருந்த கோகுல்தாஸ் தேஜ்பால் சம்ஸ்கிருதக் கல்லூரிக்கும் அப்படி ஒரு போர்டிங் உண்டு. இந்திய தேசியக் காங்கிரஸின் முதல் கூட்டம் 1885 டிசம்பர் 28-ல் கூடியது அங்கேதான். முதலில் பூனாவில் நடத்துவதாகத்தான் ஏற்பாடு. அங்கே காலரா பரவியதால் கடைசி நேரத்தில் இங்கே மாற்றினார்கள். வந்த பிரதிநிதிகள் 72 பேர். முதல் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் நம் 'ஹிந்து' ஜி. சுப்பிரமணிய ஐயர். தேசத் தலைவர்கள் நோய்க்குப் பயந்து இடம் தேடியபோது அவர்களுக்குக் கைகொடுத்தது மாணவர் போர்டிங் என்பதை நம்மவர் பலர் அறியார்.

சமணச் சமூகத்தாரும் இதில் பின்தங்கவில்லை. மாணிக்சந்த் ஹீராசந்த் என்ற வியாபாரி தம் தந்தையார் ஹீராசந்த் குமான்ஜி பெயரில் தாட்தேவில் திகம்பர மாணவருக்கு ஒரு போர்டிங் வைத்தார். ஆசாரியர் விஜயவல்லப சூரியின் முயற்சியால் 1915-ல் மகாவீர் ஜைன வித்யாலயம் தொடங்கிற்று. இரண்டிலும் தத்துவம் ஒன்றுதான்: படிக்கிற பிள்ளைக்கு அறையும் விளக்கும் இருந்தால் மட்டும் போதாது, இரவு வரவில்லையென்றால் "எங்கே?" என்று கேட்க ஓர் ஆள் வேண்டும்.

இனி, பேட்டைகளையே மாற்றிய சம்பவத்துக்கு வருவோம். 1896 செப்டம்பரில் துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வியில் பிளேக் கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுசொன்னவர் டாக்டர் அக்காசியோ வியேகஸ். மாண்ட்வி முழுக்கத் தானியக் கிடங்கு. கிடங்கு இருந்தால் எலி இருக்கும், மேல்மாடியில் மனிதர் நெருக்கியடித்துக் கிடப்பார்கள். ஜனங்கள் ஊரை விட்டு ஓடினார்கள். 1891-ல் 8.2 லட்சம் இருந்த நகரத்து ஜனத்தொகை 1901-ல் 7.76 லட்சம்தான். பத்தாண்டில் ஏற வேண்டிய கணக்கு இறங்கிற்று. சர்க்கார் விழித்துக்கொண்டு 1898-ல் பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் என்ற அமைப்பை ஏற்படுத்தியது. நெருக்கமான பேட்டைகளை இடித்துச் சந்து திறப்பது ஒரு வேலை. வடக்கே வயலும் சதுப்பும் கிடந்த தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் பகுதிகளை வாங்கி, திட்டமிட்டுப் புது ஊர் போடுவது இன்னொரு வேலை.

மாட்டுங்காவின் ஜாதகம் அங்கே எழுதப்பட்டது. முதலில் தெரு போட்டார்கள், பிறகுதான் மனை விற்றார்கள். நம் நாட்டில் வழக்கம் இதற்கு நேர் தலைகீழ் என்பது சொல்லாமலே விளங்கும்! அகலமான தெரு, இரு பக்கமும் மரம், நடுவே பூங்கா. பார்சி காலனிப் பக்கம் ஐந்து தோட்டங்கள், கட்டிடங்களுக்கு உயரக் கட்டுப்பாடு. டிரஸ்ட் தலைவராக இருந்த ஜே.பி. ஆர் என்பவர் 63½ டிகிரி என்று ஒரு கோணத்தை ஓயாமல் வலியுறுத்தினார். கணக்குத் தெரியாதவர் பயப்பட வேண்டாம். எதிர்ச் சுவர் எவ்வளவு உயரமோ அதில் பாதி அளவாவது உங்கள் ஜன்னலுக்கும் அந்தச் சுவருக்கும் நடுவே திறந்த வெளி இருக்க வேண்டும். இருந்தால்தான் தரைத்தள அறையிலும் வானம் தெரியும். நூறு வருஷத்துக்கு முன் சொன்னது. இன்றைக்கு ஒரு பிள்ளைக்கு அறை பார்க்கப் போகிறவர் கையில் டேப் இல்லாமலே இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஜன்னலருகே நின்று தலையைத் தூக்கினால் வானம் தெரிகிறதா? தெரியாவிட்டால் அந்த அறைக்குக் காற்றும் வராது, எதிர்வீட்டார் கண்ணும் எட்டாது. காவலுக்கு இரண்டும் வேண்டும்.

முதல் உலக யுத்தத்துக்குப் பிறகு டைப்பிஸ்ட், ஸ்டெனோ, கணக்குப்பிள்ளை வேலைகளுக்குத் தென்னிந்தியர் திரளாக வந்தார்கள். டிரஸ்ட் போட்ட மனைகள் காத்துக்கொண்டிருந்தன. மாட்டுங்காவில் குடியேறிய அவர்களைப் பற்றி நிகில் ராவ் என்ற வரலாற்றாசிரியர் 2013-ல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டிருக்கிறார். கழிப்பறையும் சமையலறையும் உள்ளேயே அமைந்த தனி 'ஃபிளாட்' இப்பகுதியில் எப்படி வழக்கத்துக்கு வந்தது என்பதை அதில் விரிவாகக் காட்டுகிறார். படிக்க வேண்டிய நூல். இதில் என் கருத்து ஒன்று: சாலில் ஒரு குடும்பம் வெளிப் பெண்ணுக்கு இடம் கொடுக்க முடியாது. தனிக் கதவும் உள்ளே கழிப்பறையும் உள்ள ஃபிளாட்டில் முடியும். இன்று 'பேயிங் கெஸ்ட்' என்கிறோமே, அதற்கு வழி அங்கேதான் பிறந்தது.

கல்லூரிகளும் வந்தன. 1887-ல் பைகுல்லாவில் தொடங்கிய விக்டோரியா ஜூபிலி டெக்னிகல் இன்ஸ்டிட்யூட் 1923-ல் மாட்டுங்காவுக்கு இடம் மாறியது. 1933-ல் பல்கலைக்கழகத்தின் இரசாயனத் தொழில்நுட்பத் துறை பிறந்து, 1943-ல் இங்கே சொந்த வளாகத்துக்கு வந்தது. யூ.டி.சி.டி. என்றால் நம் தலைமுறைக்குத் தெரியும். 2008 முதல் அது தனிப் பல்கலைக்கழக அந்தஸ்துடன் ஐ.சி.டி. ஆகிவிட்டது. 1937-ல் ருயா கல்லூரி, 1941-ல் போதார் கல்லூரி. நம்மவர் நடத்தும் எஸ்.ஐ.இ.எஸ். 1932-ல் ஒரு பள்ளியாகத் தொடங்கி, 1960-ல் சயானில் கல்லூரி கண்டது.

கல்லூரி வந்தால் சோறு வர வேண்டும். 1936-ல் கஃபே மைசூர், 1942-ல் ராமா நாயக்கின் உடுப்பி ஸ்ரீகிருஷ்ண போர்டிங். ஸ்டேஷன் வாசலிலேயே இலை போட்டுச் சாப்பாடு. இதை வெறும் வயிற்று விஷயம் என்று நினைக்கக் கூடாது. நான் பாத்திர வியாபாரி. மெஸ்காரர்களோடு நாற்பது வருஷப் பழக்கம் உண்டு. மாசக் கணக்கு வைத்துச் சாப்பிடும் பையன் இரண்டு வேளை வரவில்லையென்றால் முதலில் கேட்பவர் மெஸ்காரர்தான். காய்ச்சலா, ஊருக்குப் போயிட்டானா, பணமில்லாமல் ஒளிகிறானா என்று விசாரித்துவிடுவார். அதோடு ராத்திரி பத்தரை வரை அடுப்பெரியும் ஒரு மெஸ் இருந்தால் அந்தத் தெருவில் பத்தரை வரை வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உண்டு. வாட்ச்மேன் வைத்தாலும் இது கிடைக்காது.

சோறும் காவலும் சேர்ந்தே போகும் என்பது நம் நாட்டில் புதிதல்ல. எங்கள் வந்தவாசிப் பக்கம் வேடல் என்று ஒரு சிற்றூர். அங்கே முதலாம் ஆதித்த சோழனின் 14-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. ஏறத்தாழ கி.பி. 885. கனகவீரக் குரத்தியார் என்ற சமணப் பெண் ஆசிரியரைச் சொல்கிறது. அவர் குணகீர்த்தி பட்டாரரின் மாணாக்கியார். இவரிடம் 500 பிள்ளைகள் படித்தனர். அவர்களுக்கும் 400 தவப்பெண்டிருக்கும் ஏதோ பிணக்கு. அந்நிலையில் ஊரார் முன்வந்து, குரத்தியாரையும் அவருடைய மாணாக்கியரையும் தாங்கள் காத்துச் சோறிடுவதாகப் பொறுப்பேற்றுக் கல்லில் வெட்டிவைத்தார்கள். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன் படிக்கிற பெண்களின் பாதுகாப்பை ஓர் ஊர் எழுத்து மூலம் ஏற்றுக்கொண்டது. காப்பதையும் சோறிடுவதையும் ஒரே மூச்சில் சொல்கிறது. நாம் இன்று அறை தேடும்போது கேட்க வேண்டியதும் இதுவே: இந்தத் தெருவில் இந்தப் பொறுப்பை ஏற்பவர் யார்?

"நம்ம ஆளுங்க ஏற்பாங்க" என்பார்கள். இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

டாக்டர் அம்பேத்கர் கல்லூரியில் படித்த காலத்தில் அவர் குடும்பம் பரேலில் இதே இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் கட்டிய சாலில் வந்து குடியேறியது. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917-ல் பரோடா சமஸ்தான உத்தியோகத்துக்குப் போனார். தங்க இடமில்லை. வேறு பெயரில் ஒரு பார்சி விடுதியில் தங்கினார். பதினோராம் நாள் தடியோடு ஒரு கூட்டம் வந்து வெளியே துரத்தியது. அன்றைய இந்தியாவில் அவரைப் போல் படித்தவர் எத்தனை பேர்? பரோடா ஒன்றும் அபாயமான ஊர் அல்ல, நல்ல அரசர் ஆண்ட நல்ல ஊர். ஆனால் அவருக்குப் பாதுகாப்பான ஊராக அது இருக்கவில்லை. பின்னாளில் 1930-களில் மாட்டுங்காவுக்குப் பக்கத்தில் தாதர் ஹிந்து காலனியில் தம் புத்தகங்களை மனத்தில் வைத்தே ஒரு வீடு கட்டி, ராஜகிருஹம் என்று பெயரிட்டார். மகாவீரர் பல மழைக்காலங்களைக் கழித்த நகரத்தின் பெயரும் அதுவே என்பதால் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு தனி மரியாதை.

ஆகவே "பாதுகாப்பான ஏரியா" என்று ஒருவர் சொன்னால் "யாருக்கு?" என்று கேட்பது தப்பில்லை. 'வெஜிடேரியன் மட்டும்' என்று புரோக்கர் சொல்லும்போது எனக்கு அது சௌகரியம். நான் சமணன், வெங்காயம்கூட எங்கள் வீட்டில் கிடையாது. ஆனால் பல சமயம் அந்த இரண்டு வார்த்தைக்குப் பின்னால் ஜாதியும் மதமும் ஒளிந்திருக்கிறது. ஒரே வகுப்பில் ஒரே பாடம் படிக்கிற இரண்டு பெண்களில் ஒருத்திக்கு ஸ்டேஷன் பக்கத்தில் அறை கிடைக்கிறது. இன்னொருத்தி பெயரைச் சொன்னதும் "இப்பதான் கொடுத்துட்டோம்" என்கிறார்கள். அவள் தூரத்தில், இருட்டுச் சந்தில் அறை எடுக்கிறாள். பிறகு ஏதாவது நடந்தால் "அந்த ஏரியாவிலே ஏன் போய் இருந்தா?" என்று கேட்பவர்களும் இவர்களே.

நம்ம ஆளுங்க என்பது எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். 1966-ல் சிவசேனை தோன்றி, அடுத்த சில ஆண்டுகள் தென்னிந்தியருக்கு எதிராகக் கிளர்ச்சி நடத்தியது. உடுப்பி ஹோட்டல்கள் தாக்கப்பட்டன. சேர்ந்து வாழ்ந்ததால் நம்மவருக்குத் தைரியம் இருந்தது உண்மை. எங்கே கல் எறிய வேண்டும் என்று எறிபவனுக்குத் தெரிந்ததும் அதே காரணத்தால்தான். அதே காலத்தில் வளர்ந்தவர் வரதராஜ முதலியார். மாட்டுங்கா ஸ்டேஷன் வெளியே அவர் போடும் விநாயகர் பந்தல் ஊரெல்லாம் பேசும். 'நாயகன்' படம் பார்த்தவர்களுக்கு அவர் மேல் ஒரு பாசம் இருக்கிறது. படம் படமாக இருக்கட்டும். கள்ளச்சாராயத்தில் நின்ற செல்வாக்கு அது. எண்பதுகளின் நடுவில் போலீஸ் நெருக்கியதும் அவர் சென்னைக்குப் போனார், 1988-ல் இறந்தார். ஒரு ஆளின் தயவில் கிடைக்கும் பாதுகாப்பு அந்த ஆளோடு போய்விடும். தெரு அகலம் போகாது.

இப்போதைய நிலைமைக்கு வருவோம். மாட்டுங்காவில் வாடகை மாணவர் கைக்கு எட்டாது. பழைய மூன்று மாடிக் கட்டிடங்கள் பல இடிந்து கோபுரங்களாக எழுகின்றன. தவிர, மேற்படிப்பு இன்று மாட்டுங்காவில் மட்டும் இல்லை. பல்கலைக்கழக வளாகம் கலினாவில், டாட்டா சமூக அறிவியல் கழகம் 1954 முதல் தேவ்னாரில், 1958-ல் தொடங்கிய ஐ.ஐ.டி. பவாயில். தேவ்னாரில் படிக்கிற பெண்ணை "நம்ம ஏரியா" என்று மாட்டுங்காவில் வைத்தால் தினமும் ரயில் மாறி மாறிப் போக வேண்டும். அவளுக்குச் செம்பூர்தான் சரி. கோவண்டிக்கு ஒரே ஸ்டேஷன், தமிழ்க் கடைகளுக்கும் குறைவில்லை. ராத்திரி கடைசி ஒன்றரை கிலோமீட்டர் எப்படி வருகிறாள் என்பதுதான் கேள்வி, பேட்டையின் பெயர் அல்ல. ஸ்டேஷனும் முக்கியம். 2017-ல் மாட்டுங்கா ஸ்டேஷனில் அதிகாரி முதல் துப்புரவு வரை எல்லா வேலைக்கும் பெண்களையே போட்டார்கள். இரவில் இறங்கும் ஒரு பெண்ணுக்கு அது எவ்வளவு ஆறுதல் என்று என் கடைக்கு வரும் மாணவிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

தண்ணீரையும் மறக்கக் கூடாது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. நம் கிங்ஸ் சர்க்கிளும் காந்தி மார்க்கெட்டும் பள்ளம். சாதாரண மழைக்கே முழங்கால் தண்ணீர் நிற்கும். தரைத்தள அறை மலிவு என்று எடுப்பவர் ஜூலையில் தண்ணீர் எதுவரை வரும் என்று பக்கத்துக் கடைக்காரரைக் கேட்க வேண்டும். வீட்டுக்காரரைக் கேட்டுப் பயனில்லை. 2024 ஜூலை 27-ல் தில்லி பழைய ராஜேந்திர நகரில் என்ன ஆயிற்று? ஐ.ஏ.எஸ். தேர்வுக்குப் படித்த மூன்று பேர் நிலவறை நூலகத்தில் வெள்ளம் புகுந்து இறந்தார்கள். தில்லியில் படிக்கிற பிள்ளைகளைக் கேட்டால் அந்தப் பேட்டைக்கு நல்ல பெயர்தான். திருடன் இல்லை, கலவரம் இல்லை. கட்டிட விதியை மீறிய ஒரு நிலவறை போதுமானதாக இருந்தது.

பூட்டும் காவலாளும் இருந்தால் போதும் என்பவர்களுக்கு 2023 ஜூன் மாதத்தை நினைவூட்டுகிறேன். தென் மும்பையில் ஓர் அரசு மாணவியர் விடுதியில், நல்ல பேட்டையில், கடற்கரை ஓரத்தில், பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி தன் அறையிலேயே கொல்லப்பட்டாள். சந்தேகிக்கப்பட்டவன் அந்த விடுதியிலேயே காவல் பார்த்தவன். விடுமுறை என்பதால் அவள் இருந்த மாடி பெரும்பாலும் காலியாக இருந்தது. ஆகவே விடுதி கிடைத்துவிட்டது என்று ஊரில் நிம்மதியாகத் தூங்குகிற பெற்றோரும், லீவு நாளில் அந்த மாடியில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

வியாபாரிக்கு ஒரு பழக்கம் உண்டு. கடை எடுக்கும் முன் அந்தத் தெருவில் மூன்று வேளை போய் நிற்பான். காலை எட்டு, மத்தியானம் மூன்று, இரவு பத்து. மத்தியானம் ஜேஜே என்று இருக்கும் தெரு ராத்திரி செத்துக் கிடக்கும், வாடகை பேசும் ஆள் அதைச் சொல்லமாட்டான். பிள்ளைக்கு அறை பார்ப்பதும் இதே மாதிரிதான். புரோக்கர் காட்டுவது எப்போதும் காலை பதினொரு மணிக்கு. நீங்கள் இரவு பத்துக்குத் தனியே போய், ஸ்டேஷனிலிருந்து அறை வரை நடந்து பாருங்கள். மருந்துக் கடை திறந்திருக்கிறதா, பெண்கள் நடக்கிறார்களா, விளக்கு எத்தனை எரிகிறது என்று எண்ணுங்கள். பிடித்திருந்தால் ஒப்பந்தத்தைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். 1999-ஆம் ஆண்டு மகாராஷ்டிர வாடகைச் சட்டப்படி பதிவு செய்யும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. "பதினோரு மாசத்துக்கு எதுக்குங்க ரிஜிஸ்டர்" என்று தட்டிக்கழிப்பவரிடம் அறை எடுக்க வேண்டாம். காகிதத்துக்குப் பயப்படுகிறவர் வேறு எதையோ மறைக்கிறார்.

நம் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் மலர் போடுகிறோம், பட்டிமன்றம் நடத்துகிறோம், எல்லாம் சரி. கடைக் கணக்கு மாதிரி ஒரு நோட்டும் போடலாம். எந்தத் தெருவில் எந்தப் பிள்ளைகள் தங்கினார்கள், வாடகை என்ன, மெஸ் எத்தனை மணிக்கு மூடுகிறது, மழையில் தண்ணீர் எதுவரை வந்தது, எந்த வீட்டுக்காரர் பெயரைக் கேட்டுத் திருப்பி அனுப்பினார் என்று படித்து முடித்துப் போகிற பிள்ளைகளையே எழுதச் சொல்ல வேண்டும். மார்ச், ஏப்ரலில் அவர்கள் ஊருக்குக் கிளம்பும் முன் கேட்டு வாங்கிவிட்டால், ஜூனில் போன் வரும்போது பக்கத்தைப் புரட்டிப் பதில் சொல்லலாம்.